கிளீனர் பக்கத்துக் கதவு

அன்று வெள்ளிக்கிழமை காலை. போர்ட் பிளேயர் புரோத்ராபூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்திருந்தேன். என் இடது உள்ளங்கையில் ஒரு லாரிக் கதவு இருந்தது.

தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்த மஞ்சள் பெயின்டை எடுத்துவிட்டுப் பச்சை அடிக்க வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகம் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மண்டல் தாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பக்கத்து வீட்டு வங்காளி. அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை 'தா' போட்டுத்தான் கூப்பிடுவோம். பாதி இந்தி, கால் வங்காளம், கால் தமிழ் என்று பேசுவார். தீவில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் வாய் அப்படித்தான் ஆகிவிட்டது.

"தீதி! அருளப்பன் பாய் கா ஜஹாஜ்... கல்!" என்று மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

அக்கா, அருளப்பன் அண்ணனின் கப்பல், கல்.

நான் ஈரக்கையைத் தூக்கி ஆட்டினேன். ஸ்கூட்டர் போய்விட்டது.

இந்தி தெரியாத வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தியில் நேற்றுக்கும் 'கல்', நாளைக்கும் 'கல்'தான். பின்னால் வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் எதுவென்று தெரியும். மண்டல் தா வினைச்சொல்லைத் தன் ஸ்கூட்டரிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நேற்று என்று எடுத்துக்கொண்டேன்.

அரிசி டிரம்முக்குள் ஒரு கேபின்

போன வாரம் எங்கள் அலுவலக ஸ்டோர் ரூமைப் பற்றி எழுதியபோது, 'என் லாரி வேலைகள்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். லாரி வைத்து ஓட்டினீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. நான் செய்தது பொம்மை லாரிகள். பொம்மை என்று நானே சொல்லலாம், மற்றவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நிஜ வண்டியில் இருபத்துநாலில் ஒரு பங்கு. எல்லா அளவும் அதே விகிதத்தில் குறைய வேண்டும், அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், தார்ப்பாய் கட்டும் கொக்கி உட்பட.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி, காலி செய்த வீட்டில் கிடந்த ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒட்டாத லாரி ஒன்று, துண்டு துண்டாக. சக்கரங்களை மட்டும் காணோம். கடைக்கு எழுதிப் போட்டேன். கப்பலில் வரும், பொறுங்கள் என்றார்கள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, டயர் செய்து மாட்டிவிட்டேன். வண்டி நின்றது. நானும் அதோடு நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு பெட்டிக்காகக் காத்திருக்கவில்லை. பிளாஸ்டிக் தகடு வாங்கி நானே வெட்டி ஒட்டினேன். மருதாணிக் கோனில் பெயின்டர்கள் பூசும் பட்டியை அடைத்து இடுக்குகளில் பிதுக்கினேன். நகவெட்டி, பிளேடு, ஊசி போடும் சிரிஞ்ச், எல்லாமே ஆயுதங்கள். பெயின்டுதான் பெரும்பாடு. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கப்பலில்தான் வரும். வந்தாலும் எங்கள் ஊர் ஈரக்காற்றில் அடித்த மாத்திரத்தில் வெளுத்துப் போகும், முகத்தில் பவுடர் திட்டு நிற்கிற மாதிரி. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அடித்த பாகத்தைத் துணியில் தளர்வாகச் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுவது. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒருநாள் உலைக்கு அரிசி எடுத்த என் வீட்டுக்காரர் படியோடு ஒரு லாரி கேபினையும் அள்ளிவிட்டார். "எல்லா வீட்லயும் அரிசியில கல்லு கெடக்கும். எங்க வீட்ல கனரக வாகனம் கெடக்கு" என்று தெருவுக்கே சொல்லிச் சிரித்தார். அதோடு விட்டாரா, பாடி கட்டுகிற மேஸ்திரி என்று எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்.

ஒன்பது பட்டை

அருளப்பன் அண்ணன் நிஜ லாரி ஓட்டியவர். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து சின்ன வயதிலேயே தீவுக்கு வந்தவர். அவர் குடும்பத்தில் எல்லோரும் கடலுக்குப் போனபோது அவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். போர்ட் பிளேயரிலிருந்து ரங்கத், மாயாபந்தர் என்று டிரங்க் ரோட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டம். மூக்கு வைத்த பழைய மஞ்சள் லாரி.

என் வீட்டுக்காரருடைய சிநேகிதராகத்தான் வந்தார். மேஜையில் நான் செய்து வைத்திருந்த லாரியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள். முதலில் அடியில் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"தங்கச்சி, பின்னாடி அஞ்சு பட்டைதான் போட்டிருக்கிய. இந்த வண்டி மரம் ஏத்துனா உக்காந்துரும். ஒம்பது வேணும்."

"பொம்மைதானண்ணே?"

"பொம்மைன்னா லோடு ஏத்த மாட்டியளா?"

அன்றைக்கே பிரித்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் பார்த்துத் தலையாட்டாமல் எந்த வண்டியும் அலமாரிக்குப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வருவார். ஒரு டம்ளர் டீ, ஒரு கவிழ்த்துப் பார்வை. ரிவிட்டுக்குப் பதில் சிரிஞ்ச் நுனியால் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்ததுகூட அவர்தான். நான் அதிகம் பேரிடம் திட்டு வாங்கிக்கொள்கிறவள் இல்லை. இவரிடம் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு சுகர் அவர் கண்ணுக்கு ஏறியது. இடது கண் முதலில் போயிற்று. வலது கண்ணில், நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் வைத்தால் தெரியும். லைசென்ஸைத் தூக்கிவைத்துவிட்டு, வண்டியை ரங்கத்தில் ஒருவரிடம் தள்ளிவிட்டார். வாங்கியவர் அதை வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீயைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என் வண்டியப் பண்ணித் தருவியளா தங்கச்சி?"

கேட்டுவிட்டு ஒரு போட்டோவை நீட்டினார். டிரைவர் பக்கத்திலிருந்து எடுத்தது. "அந்தப் பக்கம் எல்லாம் இதே மாதிரிதான். கிளீனர் பக்கத்துக் கதவு மட்டும் பச்சை. ரங்கத்துல மரம் விழுந்து நசுங்கிப்போச்சு, மெக்கானிக் பிஸ்வாஸ் வேற வண்டிக் கதவை மாட்டிக் கொடுத்தாரு."

யாரு வண்டி இது?

ஐந்து மாதம் வேலை செய்தேன். என் கையிலிருந்து வந்ததிலேயே சிறந்த வண்டி அதுதான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, வேறு எதற்காகச் சொல்கிறேன் என்று இப்போது தெரிந்துவிடும்.

அந்தச் சமயம் போனில் ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். மெயின்லேண்டில் இதே வேலை செய்கிறவர்களின் குழு. சென்னை, கோயம்புத்தூர், புனே என்று பெரிய பெரிய கைகள். தீவிலிருந்து ஒரு பொம்பளை, செருப்பில் டயர் செய்கிறவள் என்று என்னை அங்கே கொஞ்சம் தூக்கிவைத்திருந்தார்கள். இந்த லாரியைப் போட்டு அசத்த வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு மஞ்சள் லாரிக்கு ஒரு பச்சைக் கதவு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பெயின்டு தீர்ந்துவிட்டது என்று நினைப்பான். எனக்கு அது உறுத்தியது. இரண்டு கதவையும் மஞ்சளாகவே அடித்தேன். அடித்த கையோடு பளபளவென்று வெள்ளி பம்பர், இரட்டை ஹார்ன் என்று அவர் கேட்காததெல்லாம் மாட்டினேன். குழுவில் கைதட்டல் பறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வண்டியை ஜன்னலோரம் கொண்டுபோய் வலது கண்ணுக்கு அருகே பிடித்தார். முதலில் கவிழ்த்தார். "ஒம்பது பட்டை. சரியாப் போட்டிருக்கிய" என்றார். நிமிர்த்தினார். பம்பரைத் தடவிச் சிரித்தார். பிறகு கிளீனர் பக்கம் திருப்பினார்.

நெடுநேரம் பார்த்தார்.

"யாரு வண்டி இது?"

"உங்க வண்டிதாண்ணே."

"என் வண்டிக்குக் கதவு பச்சையில்லா?"

"அது ஏதோ பழசை மாட்டி ஓட்டுனீங்க. பார்க்க நல்லாயில்ல. அதான் சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணச் சொன்னேனா தங்கச்சி?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஐந்து மாத வேலையை விட்டுவிட்டு ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று ஏறியது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எத்தனையோ முறை மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், மாற மாட்டேன் என்கிறது.

"உங்களுக்குத்தான் கண்ணே சரியாத் தெரியலையே. எந்தக் கலரா இருந்தா என்ன?"

உள்ளே என் வீட்டுக்காரர் பேப்பர் மடக்கும் சத்தம் நின்றது.

அருளப்பன் அண்ணன் லாரியை மேஜையில் வைத்தார். கோணலாக இருந்த முன்சக்கரத்தை விரலால் நேராக்கினார். "டீக் ஹை தங்கச்சி, சரிதான்" என்றார். வாசலில் செருப்பைக் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். பத்து நிமிஷ நடை. போகவில்லை.

ரங்கத்தில் கோழிக்கூடு

நாலைந்து மாதம் கழித்து அலுவலக வேலையாக ரங்கத் போக வேண்டியிருந்தது. பழங்குடிகளின் காடு தொடங்கும் ஜிர்காடாங் கேட்டில் விடியுமுன்பே வண்டிகள் வரிசையில் நிற்கும், ஒன்றாகத்தான் விடுவார்கள். என் பஸ்ஸும் அந்த வரிசையில் நின்று, ஊர்ந்து, படகேறி, மத்தியானம் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு வருஷம் தீவில் இருந்தும் அந்த ரோட்டில் நான் போனது நாலு தடவைகூட இருக்காது. என் உலகம் போர்ட் பிளேயரோடு சரி.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில், சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். போர்ட் பிளேயர் அருளப்பன், லாரி டிரைவர், தெரியுமா? கடைக்காரர் தெலுங்குக்காரர். உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் இருந்த மலையாளிக்கும் தெரியவில்லை. இருபது வருஷம் ஓட்டிய மனிதரை யாருக்கும் தெரியவில்லையே என்று எனக்கு அவருக்காகக் கோபம் வந்தது. பழைய மஞ்சள் லாரி, கிளீனர் பக்கத்துக் கதவு பச்சையாக இருக்கும் என்றேன்.

"அரே, ஹரா தர்வாஜா!" என்று கடையே எழுந்தது.

பச்சைக் கதவு. அவருக்கு அந்த ரோட்டில் அதுதான் பெயர். ஒருத்தருக்குக்கூட அருளப்பன் என்று தெரியாது. கேட்டில் நிற்கிற போலீஸ்காரர், படகில் கயிறு போடுகிறவர், மாயாபந்தர் கடைக்காரர்கள், எல்லோருக்கும் அவர் ஹரா தர்வாஜா. ஹரா தர்வாஜா வந்தாச்சா, மருந்து கொடுத்துவிட்டிருக்கிறார்களா? ஹரா தர்வாஜா போகிறதா, பிள்ளையை ஏற்றிவிடு. கண் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், நான் அவருடைய சொந்தத் தங்கை என்பது போல. நல்லா இருக்கார் என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்?

யாரு வண்டி இது என்று அவர் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார். பெயரை அழித்துவிட்டு, பார்க்க நல்லாயில்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். டீயைப் பாதியிலேயே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மெக்கானிக் பிஸ்வாஸைத் தேடிப் போனேன். லாரியை வெட்டியபோது அந்தக் கதவை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். கோழிக்கூட்டுக்குக் கதவாக. கோழிகள் கத்தக் கத்த, முட்டிபோட்டு அளவெடுத்தேன். டிரைவர் பக்கத்துக் கைப்பிடி மாதிரி இல்லை இதன் கைப்பிடி, நீளம், நுனியில் ஒரு வளைவு. பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். பிஸ்வாஸ் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கேள்வி

பச்சை பெயின்டு கப்பலில் வர நாளாயிற்று. வண்டியை முடித்து எடுத்துக்கொண்டு போய்த்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. அதற்குள் அவர் கண் ஆபரேஷனுக்காக, கூட்டிப்போக வந்திருக்கும் மகளோடு தூத்துக்குடிக்கே போய்விடப் போகிறார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சென்னைக் கப்பல் வியாழக்கிழமை என்று அறிவிப்பில் பார்த்தேன். அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கைப்பிடி, ஒரு சீரகம் நீளம்தான், மூன்று தடவை உடைந்தது.

வியாழக்கிழமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை மண்டல் தா வந்து 'கல்' என்றார்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் நேற்று என்று எடுத்துக்கொண்டேன் என்று? போய்விட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார் என்று எனக்கு வருத்தப்பட ஆசையாக இருந்தது. வருத்தப்படுவது, போய் நிற்பதைவிடச் சுலபம். மோட்டாரை நிறுத்திவிட்டு வேலிக்கு ஓடி, "கல் என்றால் நேற்றா, நாளையா மண்டல் தா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதை நான் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. இனி அவசரமில்லை என்று நிதானமாகக் கதவுக்குப் பச்சை அடித்தேன். மத்தியானம் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஹேடோ துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு கேட்டது. ஏதோ கப்பல் என்று நினைத்துக்கொண்டு கதவை அரிசி டிரம்முக்குள் வைத்தேன்.

சாயங்காலம் மண்டல் தா வேலியோரம் வந்தார். முகம் சரியில்லை.

"தீதி, ஜெட்டி கியூன் நஹி ஆயா? கப்பல் துறைக்கு ஏன் வரலே?"

கடல் சரியில்லாமல் கப்பலை இரண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அருளப்பன் அண்ணன் மார்க்கெட்டில் அவரைப் பிடித்து, தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடுங்க என்று சொல்லியனுப்பியிருக்கிறார். மண்டல் தா வழியனுப்பப் போயிருந்தார். எல்லோரும் ஏறிய பிறகும் அண்ணன் ஏறவில்லையாம். ஒரு கையில் பையோடு, கேட்டைப் பார்த்தபடி நின்றாராம்.

"ஹர் லேடீஸ் கோ தேக் கே பூச்தா தா. எந்தப் பொம்பளை வந்தாலும் கேக்கறாரு, தங்கச்சியா, தங்கச்சியான்னு. கல் போலா தா நா, தீதி!"

கல் என்று சொன்னேனே என்கிறார். ஆமாம், சொன்னார்.

போன் செய்தேன். கப்பல் நடுக்கடலுக்குப் போய்விட்டால் போன் எடுக்காது. நாலாம் நாள் கிடைத்தார். "கல்னு சொன்னதும் நேத்துன்னு நெனச்சுட்டேண்ணே" என்றேன். அந்தப் பக்கம் பெரிதாகச் சிரித்தார். "இந்தக் கல்லுல தடுக்கி விழாத ஆளு தீவுலயே கெடையாது தங்கச்சி, விடுங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். பழியை அந்த வார்த்தையின் மேல் போட்டுவிட்டு, டீக்கடையைப் பற்றியோ, அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றியோ பேசாமல் போனை வைத்தேன்.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்களாம், ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று. வலது கண்ணும் நிற்கவில்லை.

தூத்துக்குடியில்

விமானத்தில் போனால் லாரி வைத்த பெட்டியை மேலே வை என்பார்கள். கப்பலில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னை போய், அங்கிருந்து ரயிலேறினேன். வழி முழுக்க இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு. உங்க பேரு எனக்குத் தெரியாமப் போச்சு.

அவருடைய மகள் ஜெனிட்டா கதவைத் திறந்தாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதே மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"எங்க, கொண்டாங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார். வண்டியோடு வருவதைப் போனில் சொல்லியிருந்தேன்.

வண்டியை வைத்தேன். பழக்கம் மாறாமல் முதலில் கவிழ்த்தார். பட்டைகளை நகத்தால் எண்ணினார். தார்ப்பாய்க் கொக்கிகளைத் தொட்டார். பம்பரைத் தொட்டார், அதில் நான் பளபளப்பையெல்லாம் எடுத்துவிட்டிருந்தேன். விரல் கிளீனர் பக்கம் வந்தது. கைப்பிடியில் நின்றது. நுனி வளைவைத் தடவினார்.

"ஏ, இது பிஸ்வாஸ் கதவுல்லா!"

அவர் முகம் மலர்ந்தது. ரங்கத் போனதை, டீக்கடையே எழுந்து நின்றதை, கோழிகளைச் சொன்னேன். "கோழிக்கூடா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "ஹரா தர்வாஜா, ஹரா தர்வாஜா" என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

ஜெனிட்டா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "கப்பல் ஏறுற அன்னைக்குக்கூட அப்பாவுக்கு வெயில்ல கலர் தெரிஞ்சது அத்தை. ஏறும்போது கப்பலப் பாத்து, வெள்ளை, நீலம்னு சொன்னாக." சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

பெயின்டு காயாவிட்டால்தான் என்ன? அப்படியே கையில் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், வெயிலில் அவர் ஒரு தடவை பார்த்திருப்பார்.

அண்ணன் இன்னும் கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, கதவு என்ன கலரு?"

"பச்சைண்ணே. அதே பச்சை. சுரண்டி எடுத்துட்டு வந்து பாத்துக் கலந்தது."

தலையை ஆட்டினார். என் இரண்டு வாக்கியங்களையும் அப்போதுதான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவர் முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பினார்.

"ஜெனிட்டா, கொஞ்சம் இங்க வாம்மா. இந்தக் கதவு என்ன கலருன்னு பாத்துச் சொல்லு."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பச்சைப்பா."

"பச்சைதானா?"

"பச்சைதாம்ப்பா."

அப்போதுதான் அவர் வண்டியை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். கட்டிலில், அவருக்குப் பக்கத்திலேயே, நான் உட்கார்ந்திருந்தேன்.